கீறலின் அகலம்

அத்தியாயம் பதினான்கு

தேநீர் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. எடுத்துக் குடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் படங்கள் பரப்பியிருந்தன. கறுப்பு வெள்ளையில் நாற்பத்தெட்டுப் படங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் வறண்ட ஆறு மாதிரி ஒரு வெற்றுப் பாதை. பாதிப் படங்களில் அதன் இரு கரையிலும் நரம்புச் செல்களின் இழைகள், முளைவிட்ட விதையின் வேர் போல, அக்கரையைத் தொட நீண்டுகொண்டிருந்தன.

எட்டு மாதமாக மூத்தவள் இந்த ஆற்றங்கரையில்தான் குடியிருக்கிறாள். மாடியில் வீடு, கீழே தங்கையின் தையல் கடை. ஒருநாள் கடையின் ஆளுயரக் கண்ணாடி சரிந்து விழுந்து, தங்கையின் வலது மணிக்கட்டைக் கிழித்தது. தோல் ஆறிவிட்டது. உள்ளே அறுந்த நரம்பு ஆறவில்லை. மோதிர விரலும் சுண்டுவிரலும் அன்றைக்குத் தூங்கப் போனவை, இன்னும் எழுந்திருக்கவில்லை. கத்தரி பிடித்துச் சம்பாதித்த கைக்கு இன்று காபித் தம்ளர் பிடிக்கவே இன்னொரு கையின் துணை வேண்டும்.

அந்த மாதமே மூத்தவள் தன் ஆராய்ச்சிக்கூடத்தில் வல்லாரையைக் கையிலெடுத்தாள். இலையிலிருந்து மூன்று சேர்மங்களைப் பிரித்து, கண்ணாடித் தட்டுகளில் வளர்த்த நரம்புச் செல்களைப் பிளேடால் கீறி, கீறலின் மேல் அந்தச் சேர்மங்களைக் கலந்து விட்டு, அறுந்த இழை மறுபடி வளர்கிறதா என்று பார்த்தாள். கூடத்தில் இதற்குக் கீரை ஆராய்ச்சி என்று பெயர். வல்லாரை ஞாபகசக்திக்கு நல்லதாமே, வீட்டுச் சாவியை ஏன் தினமும் மறக்கிறீர்கள் என்று வாசல் காவலாளிகூடக் கேட்டாயிற்று.

சிரித்தவர்கள் வாயை இந்தப் படங்கள் அடைத்துவிடும் என்றுதான் இன்று காலை வரை அவள் நம்பியிருந்தாள். சேர்மம் விட்ட பன்னிரண்டு தட்டுகளில் இழைகள் கூட்டமாக அக்கரை ஏறியிருந்தன. விடாத பன்னிரண்டிலும் அவை பாதி தூரத்திலேயே களைத்து நின்றிருந்தன. இன்று பகல் பதினொரு மணிக்குக் குழு கூடுகிறது. செல் வளர்க்கும் இன்குபேட்டரில் அவளுக்கு இடம் தொடருமா, அல்லது மூட்டை கட்ட வேண்டுமா என்று அங்கே முடிவாகும்.

இப்போது மணி ஏழரை. தங்கை மேசையருகே குனிந்து நின்றாள். ஒல்லியான உடம்பும் தையல் தொழிலும் சேர்ந்து அவளுக்கு வாங்கிக்கொடுத்த பெயர் நூலு.

"அக்கா, இந்த ரெண்டு வரிசையும் ஒரே ஆள் வெட்டினதா?"

"நான்தான் வெட்டினேன். ஏன்?"

"மேல் வரிசை ஒல்லியா இருக்கு."

மூத்தவள் சிரித்துவிட்டுச் சொன்னாள், ஒரே பிளேடு, ஒரே நாள், ஒரே மேசை என்று. நூலு சிரிக்கவில்லை. இடது கையால் ஊசிப் பெட்டியிலிருந்து ஒரு நூலை இழுத்தாள். மேல் வரிசையில் ஒரு படத்தின் மேல், கீறலின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நூலை வைத்து, நகத்தால் கிள்ளி அளவெடுத்தாள். அதே அளவைக் கீழ் வரிசைப் படத்தில் கொண்டுபோய் வைத்தாள். நூல் அக்கரைக்கு எட்டவில்லை.

"பிளேடு ஒண்ணுதான். கை?" என்றாள்.

இருபது வருஷம் துணி வெட்டியவள் கண். அரை நூல் பிசகினாலும் அதில் உறுத்தும். அந்தக் கண்ணோடு வாதம் செய்ய மூத்தவளுக்குத் துணிவில்லை. மடிக்கணினியைத் திறந்து, தட்டுக்கு இரண்டாக எடுத்தவற்றில் வெட்டிய உடனே எடுத்த இருபத்துநான்கு படங்களையும் அளந்தாள். மேல் வரிசை, அதாவது சேர்மம் விட்ட தட்டுகளின் கீறல்கள், மற்றவற்றைவிட ஏறக்குறையக் கால் பங்கு குறுகல்.

அக்கரை தொட்ட இழைகளை அவள் ஒன்றுவிடாமல் எண்ணியிருந்தாள். ஆற்றின் அகலத்தை அளக்கத்தான் விட்டுப்போயிற்று. குறுகலான ஆற்றைத் தாண்டுவதற்கு மருந்து எதற்கு? தவளையே போதும்.

எப்படி நடந்தது என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. வெட்டிய அரை மணி நேரத்துக்குள் சேர்மத்தை விட்டாக வேண்டும். அவசரத்தில் தட்டு மாறிவிடக் கூடாதே என்று, வெட்டுவதற்கு முன்னாலேயே பன்னிரண்டு மூடிகளில் பச்சைப் பொட்டு வைத்துவிட்டாள். பச்சைப் பொட்டுத் தட்டு கைக்கு வந்தபோதெல்லாம் நூலுவின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. பொழைச்சுக்கோ என்று மனசு சொன்னது. மனசு சொன்னதைக் கை கேட்டுக்கொண்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அவளுடைய பொன் குஞ்சுகளை அவள் கை மெதுவாக வெட்டியிருந்தது.

"வேணும்னு செய்யல நூலு," என்றாள்.

"வேணும்னு செஞ்சிருந்தா இவ்வளவு கச்சிதமா வந்திருக்காது."

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி படியேறி வந்தான். மூத்தவளுக்குத் தம்பி, நூலுவுக்கு அண்ணன்; இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் வக்கீல். அவன் மனைவி பள்ளிக்கூட வேலைக்கு விடியலிலேயே கிளம்பிவிடுவதால் காலைத் தேநீர் அக்கா வீட்டில்தான். கறுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு, ஆறிய தேநீரைப் பார்த்து முகம் சுளித்து, பிறகு இரண்டு முகங்களையும் பார்த்து உட்கார்ந்தான். விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டான். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு அது பழக்கம். கட்சிக்காரர்கள் பேசப் பேசத்தான் ஓட்டை தெரியும்.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்கு. உன்னையும் சேத்து."

"அப்ப ரெண்டு பேருக்குத்தான். எனக்கு இன்னிக்குக் காது அடைச்சிருக்கு."

அதோடு விடவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதவன்தான் நல்ல சாட்சி என்றான். அவள் பொய் சொல்ல வேண்டாம், படத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்தால் போதும், இடம் கிடைத்த பிறகு சத்தமில்லாமல் திரும்பச் செய்து சரிபண்ணிக்கொள்ளலாம் என்றான். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைப்பதற்குப் பெயர் நேர்மை இல்லை, கைத்தவறு என்றும் சேர்த்துக்கொண்டான். அவன் சொன்னதில் தர்க்கம் இருந்தது. மூத்தவள் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அந்தத் தர்க்கத்தின் நிழலில் ஒதுங்கவும் செய்தாள். அவளை ஏன் குறை சொல்ல வேண்டும்? எட்டு மாத உழைப்பு அது.

நூலுதான் அவளை அங்கிருந்து எழுப்பினாள்.

"அண்ணா, நான் ஆபரேஷனை வேண்டாம்னு சொல்லிட்டேன்."

கீழே கடை ஷட்டர் மேல் ஏதோ வண்டி உரசிக்கொண்டு போனது.

"போன திங்கக்கிழமை. வர்ற வியாழக்கிழமைக்குக் குடுத்த தேதியை ரத்து பண்ணிட்டேன். இந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான்."

காலிலிருந்து ஒரு துண்டு நரம்பை எடுத்து மணிக்கட்டில் இணைக்கும் அறுவை சிகிச்சை அது. ஒரு வருஷத்துக்குள் செய்தால்தான் பலன், தாமதிக்கத் தாமதிக்க விரல் தசை சுருங்கிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எட்டு மாதம் போய்விட்டது.

மூத்தவளுக்கு முதலில் வந்தது கோபம். முனைவர் பட்டம் வாங்கிய அவளை வீட்டில் எல்லோரும் கேலி செய்கிற வார்த்தையே அவள் வாயில் வந்தது. "ஊசி போடத் தெரியாத டாக்டரை நம்பியா ஆபரேஷனை விட்ட? இது தட்டுல வளர்ற செல்லுடி. தட்டுல நடக்கறது கையில நடக்கும்னு நான் என்னிக்காவது சொன்னேனா? அதுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு. பத்து வருஷத்துக்கப்புறமும் நடக்காமலே போகலாம்."

"உன்னை நம்பி விடல," என்றாள் நூலு. "பயந்து விட்டேன். உன் படம் எனக்கு ஒரு சாக்கு. இப்ப அந்தச் சாக்கும் கிழிஞ்சு போச்சு."

அவள் குரலில் அழுகை இல்லை. தப்பாக வெட்டிய துணியை உதறிவிட்டு மறுபடி மடிப்பவளின் குரல் அது. தம்பி பக்கம் திரும்பினாள். "நான் இதைப் பாக்காம, நீ சொல்ற மாதிரி அக்காவும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, நான் என் கையைத் தொலைச்சுட்டு இந்தப் படத்துக்கு மாலை போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். இன்னும் எத்தனை பேரோ."

வக்கீலுக்குக் காது அடைப்பு விட்டுவிட்டது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

நூலு அங்கேயே நின்று மருத்துவமனைக்குப் பேசினாள். வியாழக்கிழமை இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். அடுத்த இடம் ஐந்து மாதம் கழித்து. அவள் வைத்துவிடாமல், நான் மன்றாடல, கேக்கறேன், வேற வழி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க என்றாள். யாராவது ரத்து செய்தால் இன்று மாலைக்குள் கூப்பிடுகிறோம், எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பேருக்குப் போய்விடும் என்று பதில் வந்தது.

"நீ போய்க் கூட்டத்துல உண்மையைச் சொல்லு," என்றாள் அக்காவிடம். "அவங்க எத்தனை அடி குடுத்தாலும் வாங்கிக்கோ. ஆனா வெறுங்கையோட வராத."

*

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூத்தவள் படங்களை வேறு மாதிரி அடுக்கினாள். பச்சைப் பொட்டை மறந்துவிட்டு, அகலத்தை மட்டும் வைத்து ஜோடி சேர்த்தாள். ஒரே அகலத்தில் சேர்மம் விட்டது ஒன்று, விடாதது ஒன்று. தேடித் தேடி ஐந்து ஜோடிதான் தேறியது.

மூன்று ஜோடியில் சேர்மம் விட்ட தட்டு முந்தியிருந்தது. ஒன்றில் இரண்டும் சமம். ஒன்றில் பின்தங்கியிருந்தது.

இதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த இடைவெளியில் ஒரு கால் வைக்க இடமிருந்தது. இறங்கும்போது அவள் நடையில் அது தெரிந்தது.

கூட்ட அறையில் இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். சொற்களைச் செலவழிக்காத பெண்மணி. அவருக்கு வலப்புறம் தாடிப் பேராசிரியர். கீரை ஆராய்ச்சி என்று பெயர் வைத்த புண்ணியவான் அவர்தான். மூத்தவளின் இன்குபேட்டர் அலமாரி மேல் அவருக்கு இரண்டு வருஷமாகக் கண்.

அவள் முதல் படத்தைத் திரையில் போட்டாள். அழகான படம். தாடிப் பேராசிரியரே கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"இது தப்பு," என்றாள்.

தொடர்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பச்சைப் பொட்டை, கையின் பாரபட்சத்தை, கால் பங்குக் குறுகலை, ஐந்து ஜோடிகளை. எதையும் மென்று விழுங்கவில்லை. கண்டுபிடித்தது தான் இல்லை, துணி வெட்டுகிற தன் தங்கை என்பதையும் சொன்னாள். அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

தாடிப் பேராசிரியருக்கு அன்றைய பொழுது நல்லபடியாக விடிந்திருந்தது. ஆக விஷயம் முடிந்தது என்றார். கீரையைச் சமையலறைக்கே அனுப்பிவிடலாம், அலமாரியை மாலைக்குள் காலி செய்து கொடுத்தால் தன் மாணவர்களுக்கு உதவும் என்றார்.

"முடியல சார். ஆரம்பிக்கவே இல்ல." அவள் உட்காராமலே பேசினாள். "தப்பு என் கையில. இலை மேல பழி போட முடியாது. இலையில பலன் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு நீங்க எட்டு மாசமா சிரிச்சீங்க, நான் எட்டு மாசமா ஆசைப்பட்டேன். ரெண்டும் ஒரே தப்புதான். நான் என்னுதை ஒத்துக்கிட்டேன்."

பேராசிரியர் தாடியைத் தடவினார். வேறு வேலை இல்லாத கை.

இயக்குநர் முதல் முறையாக வாய் திறந்து, என்ன வேண்டும் என்று கேட்டார்.

அவளுக்கு வேண்டியது பன்னிரண்டு தட்டுகள். அவை ஏற்கெனவே இன்குபேட்டரில் இருக்கின்றன, இன்றைக்குத்தான் பதமான நாள், நாளைக்கு வைத்தால் செல்கள் கிழண்டுவிடும் என்றாள். இந்த முறை எல்லாத் தட்டையும் முதலில் வெட்டிவிட வேண்டும். பிறகு சீட்டுக் குலுக்கி எதற்குச் சேர்மம், எதற்கு வெறும் கரைசல் என்று முடிவு செய்ய வேண்டும். புட்டிகளில் எது எது என்று அவளுக்கே தெரியக் கூடாது. எண்ணிக்கையும் அகலமும் இரண்டும் அளக்கப்படும்.

"வெட்டறது யார்?" என்று கேட்டார் இயக்குநர். "உங்க கை கூடாது. அது ஏற்கெனவே சாட்சி சொல்லிடுச்சு."

தன் மாணவர்கள் எவரும் வரமாட்டார்கள் என்று பேராசிரியர் அவசரமாகச் சொன்னார். மேசையைச் சுற்றியிருந்த மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள்.

வெறுங்கையோடு வராதே என்ற நூலுவின் குரல் மூத்தவள் காதில் ஒலித்தது.

"வெட்டறதையே தொழிலா வெச்சிருக்கிறவ ஒருத்தி இருக்கா மேடம். இருபது வருஷ அனுபவம். என் தங்கச்சி."

"அந்தக் கை அறுந்த தங்கையா?" பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல நடுநிலை."

"எந்தத் தட்டுக்கு மருந்துன்னு வெட்டும்போது அவளுக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது. சீட்டே அதுக்கப்புறம்தான் சார். அவ யாருக்காக ஓரவஞ்சனை பண்ணுவா? வலது கை போனதும் இடது கையால வெட்டக் கத்துக்கிட்டவ. என் கோணலைக் கண்டுபிடிச்சதும் அவதான். இந்தக் கூடத்துல யாரும் கண்டுபிடிக்கல, நானும்தான்."

இயக்குநர் பேனாவை மூடித் திறந்து மூடினார். பிறகு நிபந்தனை போட்டார். அந்தப் பெண் கவசமும் கையுறையும் போட்டுப் பழக வேண்டும். மை பூசிக் காயவைத்த காலித் தட்டுகளில் முதலில் இருபது கோடு. அளப்பது இயக்குநரே. ஒன்று பிசகினாலும் அலமாரி பேராசிரியருக்கு. பிசகாவிட்டால் பன்னிரண்டு தட்டுகளும் இரண்டு வாரமும் மூத்தவளுக்கு.

"அப்புறம் ஒண்ணு. வித்தியாசம் எதுவும் வரலைன்னா, 'பலன் இல்லை'ன்னு உங்க பேரைப் போட்டு நீங்களே எழுதி வெளியிடணும். மூடி வெக்கக் கூடாது."

"எழுதறேன். வந்தா?"

"வந்தா மறுபடி செய்யச் சொல்லுவேன்," என்றார் இயக்குநர். அவர் சிரித்ததாக யாரும் சத்தியம் செய்ய முடியாது.

*

நூலு மூன்று மணிக்கு வந்தாள். தையல் கடையைப் பூட்டி, கல்யாணத்துக்கு உடை கேட்டு வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். தோளில் பை. பைக்குள் இரும்பு அளவுகோல். பின்னாலேயே, நீதிமன்றத்தில் வாய்தா வாங்கிக்கொண்டு வந்துவிட்ட தம்பி. தங்கையின் தொலைபேசி அவன் கையில். அதை அவன் பச்சைப் பிள்ளையை வைத்திருப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

வாசலில் லென்ஸ்காரர் நின்றிருந்தார். மைக்ரோஸ்கோப்புகளைப் பழுது பார்க்க வாரம் ஒருமுறை வருபவர். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து நம் விஷயமாகப் பேசலாமா என்று போன வாரம் மூத்தவளிடம் கேட்டவரும் அவரே. கூட்டம் முடியட்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். கூட்டம் முடிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் அது ஞாபகம் இருந்தது.

அவர் ஒரு தகர டப்பாவை நீட்டினார். உள்ளே ஒரே அளவில் மடித்த பன்னிரண்டு சீட்டுகள். தட்டின் மேல் பொருந்துகிற மாதிரி ஒரு சின்ன எஃகுச் சட்டமும் செய்து கொண்டுவந்திருந்தார், பிளேடு ஓடுவதற்கு நேர்க்கோடாக ஒரு தடம் விட்டு.

"உங்க பதிலுக்கு அவசரமில்ல," என்றார் தாழ்ந்த குரலில். "சீட்டுக்குத்தான் அவசரம்னு சொன்னாங்க."

அவள் டப்பாவை வாங்காமல் அவர் கையிலேயே விட்டாள். சீட்டு அவரிடம் இருந்தால்தான் நம்பிக்கை என்றாள். அதுவே பாதிப் பதில் என்பது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. காது மட்டும் சிவந்தது.

உடை மாற்றும் அறையில் மூத்தவள் தங்கைக்குக் கையுறை மாட்டிவிட்டாள். இடது கை தானாகப் போனது. வலது கையில் மூன்று விரல்கள் தத்தம் இடத்தைக் கண்டுபிடித்தன. மோதிர விரலும் சுண்டுவிரலும் வழி தெரியாமல் ஒரே பொந்துக்குள் போய் மடங்கிக்கொண்டன. ஒவ்வொன்றாக எடுத்து நேர்ப்படுத்தி உள்ளே விட வேண்டியிருந்தது. மூத்தவள் தொட்டுக்கொண்டிருப்பது நூலுவுக்குத் தெரியவில்லை. அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு," என்றாள் மூத்தவள்.

காலித் தட்டுகளில் முதல் இரண்டு கோடுகளை வெட்டிவிட்டு நூலு, இவை கணக்கில் இல்லை, கத்தரியையே புதிதாக வாங்கினால் இரண்டு தரம் காற்றில் வெட்டிப் பார்ப்போம் என்றாள். இயக்குநர் ஒத்துக்கொண்டார். அப்புறம் இருபது கோடுகள். சட்டத்தைக் கணக்காக உட்கார வைத்து, வலது கையின் உயிருள்ள மூன்று விரலால் அதை அழுத்திக்கொண்டு, இடது கையால் மூச்சை அடக்கி ஒரே இழுப்பு. இயக்குநர் ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் வைத்து அளந்து எழுதினார். பேராசிரியர் கதவோரம் நின்று, ஏதாவது கோணுகிறதா என்று காத்திருந்தார். பன்னிரண்டாவது கோட்டில் அவர் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறினார். இருபதாவதில் ஆளைக் காணோம்.

"உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்று மட்டும் கேட்டார் இயக்குநர்.

"அளவு மாறினா கல்யாணப் பொண்ணுங்க திட்டுவாங்க மேடம். அவங்கதான்."

இயக்குநர் எழுந்து போய், இரண்டு புட்டிகளைக் காகிதத்தில் சுற்றினார். கட்ட நூல் வேண்டுமென்றார். நூலு தன் பையைக் காட்டினாள். ஒன்றுக்குச் சிவப்பு நூல், ஒன்றுக்கு நீல நூல். எதற்குள் எது என்பது இயக்குநருக்கு மட்டும் தெரியும்.

நாலரை மணிக்கு உண்மையான தட்டுகள் வந்தன.

முதல் தட்டில் பிளேடை வைக்குமுன் நூலு நிறுத்தினாள். "இதுங்களுக்கு வலிக்குமா?"

தெரியாது, வலி என்று சொல்ல ஒரு மூளை வேண்டும், இவை தனித்தனிச் செல்கள் என்றாள் மூத்தவள்.

"எனக்கும் கண்ணாடி விழுந்தப்ப வலிக்கல. அப்புறம்தான்." குனிந்தாள். "சரி. எனக்காக வெட்டறாங்க. நானே வெட்டறேன்."

ஒன்று. இரண்டு. மூன்று. மூத்தவள் தட்டை நீட்டினாள், வாங்கினாள், மூடினாள். மூடியில் வெறும் எண்கள், பொட்டு கிடையாது. ஆறாவது தட்டில் தன் மனசு எந்தத் தட்டுக்கும் பொழைச்சுக்கோ என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தாள். பழைய பாசம் எங்கும் போய்விடவில்லை. இப்போது அது பன்னிரண்டுக்கும் சமமாகப் பங்காகியிருந்தது.

பதினொன்று.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தொலைபேசி அடித்தது.

தம்பி அதைப் பார்த்தான். மருத்துவமனை எண்தான் என்பது அவன் நிமிர்ந்த விதத்திலேயே தெரிந்தது. கண்ணாடியைத் தட்டி, போனைத் தூக்கிக் காட்டினான். இரண்டாவது மணி.

மூத்தவள் கையில் பன்னிரண்டாவது தட்டு. வெளியே எடுத்துவிட்ட செல் காத்திருக்காது. "நூலு. ஆஸ்பத்திரி."

"எடுக்கச் சொல்லு. நான் திரும்ப மாட்டேன்."

மூத்தவள் தலையசைத்தாள். மூன்றாவது மணி பாதியில் நின்றது. தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். ஏதோ கேட்டான். ஏதோ கேட்டுக்கொண்டான். ஒரு கையால் கோட்டுப் பையில் பேனாவைத் தேடினான். எழுதவா, அல்லது எதையாவது பிடித்துக்கொள்ளவா? அவன் முகத்தில் எதுவும் இல்லை. எதிர்த்தரப்பு பேசும்போது அவன் மாட்டிக்கொள்கிற முகம் அது.

"அவனைப் பாக்காதக்கா. அது வக்கீல் மூஞ்சி, அதுல ஒண்ணும் தெரியாது." நூலு சட்டத்தைத் தட்டின் மேல் உட்கார வைத்தாள். மூன்று விரல்கள் அழுத்திப் பிடித்தன. தூங்கும் இரண்டு விரல்கள் பக்கத்தில் சும்மா கிடந்தன. "சரின்னு சொன்னாலும், இல்லைன்னு சொன்னாலும், இந்தக் கோடு நேராத்தான் வரணும். தட்டைப் பிடி."

மூத்தவள் தட்டைப் பிடித்தாள்.

பிளேடு இறங்கியது. அகலம் மாறவில்லை.